ஊசிக்காரரின் பஞ்சு டப்பா

போன திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனுநாள்.

என் ஜெராக்ஸ் கடைக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான் தீபாவளி. பட்டா, பென்ஷன், பாதைத் தகராறு, பக்கத்து வீட்டு வேப்பமரம் — கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பாதி வழக்குகள் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் உள்ளே போகின்றன. பேப்பரில் வரும் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். எனக்கு எழுத விஷயம் கொடுப்பதே அந்த மனுக்காரர்கள்தான்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சலை வந்தாள். பெஞ்சில் இடதுபக்கமாகச் சாய்ந்து பாதி உட்கார்ந்தாள். ஏழு மாதமாக அவள் இப்படித்தான் உட்காருகிறாள். வலதுபக்க இடுப்புக்குக் கீழே, ஊசி போட்ட இடத்தில், ஆறாத புண்.

"க்கா, ஒரு மனு அடிச்சிக் குடுங்க."

"யார் மேலே?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"யார் மேலயும் இல்லக்கா. ஏழுமலை டாக்டர இட்டுக்கினு போய் உள்ள வச்சிக்கிறாங்க இல்ல? அவர வுட்டுடச் சொல்லி எழுதுங்க. ஊரே கையெழுத்து போட்டிருக்குது."

ஒரு நோட்டுத் தாளை நீட்டினாள். பாதி கையெழுத்து, பாதி கைநாட்டு.

என் விரல்கள் கீபோர்டு மேலேயே நின்றுவிட்டன. ஏனென்றால், அவளுடைய புண்ணுக்குக் காரணமே அந்த ஏழுமலை போட்ட ஊசிதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறாள்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. அதுவரை நான் பார்த்திராத ஒரு பெண் உள்ளே வந்து, ஒரு மஞ்சப்பையை ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். பொலபொலவென்று கொட்டியது எல்லாம் காலி மாத்திரை அட்டைகள்.

"இத்தினியும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க."

எடுத்தேன். பேப்பர் முழுக்கக் கறுப்புக் கட்டங்கள்தான் வந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். அதோடு சிரிப்பு போய்விட்டது.

அவள்தான் அஞ்சலை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். முப்பத்தாறு வயது. களை எடுக்க, கரும்பு வெட்ட, நூறுநாள் வேலைக்கு — எது கிடைக்கிறதோ அதற்குப் போகிறவள். புருஷனுக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. வீட்டில் மாமியார், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் சுபா. ஒரு கறவை மாடு.

அவளுக்கு டிபி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது, அப்படியும் விடவில்லை. ஆனால் புண் ஆறவில்லை. பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்டிகள் கிளம்பிவிட்டன. உடனே அவளுடைய கார்டில் 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று யாரோ எழுதிவிட்டார்கள். அது பொய் என்று நிரூபிக்கத்தான் காலி அட்டைகளுக்கு ஜெராக்ஸ்.

"சாப்ட்டேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்கக்கா. வூட்லயும் நம்பல. எந்தட்டு தனி, டம்ளர் தனி. எம்பொண்ணு எங்கிட்ட வந்தா மாமியா இழுத்துக்கினு போயிடுது. அவள தொட்டு மூணு மாசம் ஆவுது."

அவள் அழவில்லை. காலி அட்டைகளைத் திரும்பப் பைக்குள் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, அந்தப் புண் எப்படி வந்தது?

மாட்டால் வந்தது என்று ஆரம்பிக்க வேண்டும். ஆடி மாதம் மாடு கன்று போட்டது. நாலு நாளில் ஒரு காம்பு வீங்கிப் பால் திரிந்து வந்தது. மடிநோய். கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாட்டை நடத்திக் கூட்டிப்போகும் தூரம் இல்லை. எனவே ஏழுமலையைக் கூப்பிட்டார்கள்.

ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்குகிறார். டாக்டரும் இல்லை, கால்நடை டாக்டரும் இல்லை. இளம்வயதில் ஒரு தனியார் கிளினிக்கில் கட்டுப்போடும் வேலை, அப்புறம் ஒரு கால்நடை டாக்டருக்குக் கையாள். இரண்டையும் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒரு மொபெட்டும் ஒரு தோல்பையுமாகத் தொழிலை ஆரம்பித்தவர். அடிவாரத்து ஊர்கள் வாரம் முழுக்க. சனிக்கிழமை என்றால் மலைமேல். மனுஷனுக்கும் ஊசி, மாட்டுக்கும் ஊசி. நம்ம ஜனங்களுக்குத்தான் மாத்திரை என்றால் மருந்தே இல்லையே... சுருக்கென்று ஏறினால்தானே வைத்தியம்!

அன்றைக்கு மாட்டின் காம்பில் மருந்தை ஏற்றினார். மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அஞ்சலை, "எனுக்கும் ஒடம்பெல்லாம் வலிக்குது" என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புது ஊசியை அவள் கண் எதிரிலேயே பிரித்தார். மருந்துத் தண்ணீரில் ஊறிய பஞ்சை எடுத்துத் துடைத்தார். போட்டார். மாட்டுக்கு ஒன்று, மாட்டுக்காரிக்கு ஒன்று.

ஒரு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் கல் மாதிரி கட்டி.

மாட்டுக்கு அந்தக் காம்பு அடியோடு இறுகிவிட்டது. சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்பினார்கள். முகாமுக்கு வந்த கால்நடை டாக்டர் பால் சாம்பிள் எடுத்துக்கொண்டு போனார். அஞ்சலைக்குக் கட்டி ஊதா நிறமாகி, உடைந்து, தண்ணீர் மாதிரி சீழ் வடிய ஆரம்பித்தது. ஒரு ஆஸ்பத்திரியில் கிழித்து விட்டார்கள். இன்னொன்றில் சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்து டிபி என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தது.

காலி அட்டைகளைப் பார்த்த மறுநாள், அவளை நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பரோபகாரம் என்று நினைக்காதீர்கள். பத்திக்கு ஒரு விஷயம் கிடைக்கும் என்ற நப்பாசையும் இருந்தது. அதை மறைப்பானேன்?

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. காலி அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "இவங்க ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்காங்க. மருந்துதான் தப்பு" என்றார். சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டேன். டாக்டரம்மா அடுத்த கேஸ் ஷீட்டை எடுத்தார்.

ரிசல்ட் வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"இது டிபி இல்லை. டிபி கிருமிக்குப் பங்காளின்னு வெச்சுக்கங்க. மைக்ராஸ்கோப்ல பார்த்தா ரெண்டும் ஒரே ஜாடை. ஆனா குணம் வேற. டிபி ஆள்கிட்டேருந்து ஆளுக்கு வரும். இது மண்ணுல, தண்ணியில தானா இருக்கிறது. டேங்க்ல, பைப்புல வழவழன்னு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுக்குள்ள குடியிருக்கும். நாம தினமும் இதுலதான் குளிக்கிறோம், வாய் கொப்பளிக்கிறோம். நல்லா இருக்கிறவங்களை ஒண்ணும் பண்ணாது. நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போனவங்களுக்கு மூச்சு வழியா உள்ளே போய்த் தங்கிடும். இல்லேன்னா ஊசி மாதிரி எதுவாவது தோலைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் விடணும்."

அஞ்சலை இதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இது ஒட்டாதா டாக்டரம்மா?"

"ஒட்டாது."

"தட்டுல சாப்ட்டா?"

"ஒட்டாதும்மா."

"கொழந்தய பக்கத்துல படுக்க வச்சிக்கினா?"

"நீங்க பாட்டுக்கு வெச்சுக்கங்க. புண்ணை மூடிக் கட்டுப்போட்டுக்கங்க, அவ்வளவுதான்."

அப்போதுதான் அஞ்சலை அழுதாள். டாக்டரம்மா 'இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது' என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தார். மாமியாருக்காக. அதற்கு மாமியார் சொன்ன பதில்: "முன்ன ஒட்டும்னு சொன்னதும் ஆஸ்பத்திரிதான? அதுக்கு இன்னாத்த சொல்றது?" நியாயமான கேள்விதான். தனித் தட்டு அப்படியே இருக்கிறது.

அதே வாரம் கால்நடை டாக்டர் அஞ்சலைக்குப் போன் செய்தார். மாட்டுப்பாலில் வளர்ந்ததும் அதே குடும்பத்துக் கிருமி. "சில மாடுகளுக்கு டிபி டெஸ்ட் பண்ணினா இந்த வகையாலேயே தப்பா பாசிட்டிவ் காட்டும்மா. மடியில இறங்கிட்டா அந்தக் காம்பு அவ்வளவுதான். பச்சைப்பால் யாரும் குடிக்க வேணாம். மாடு எங்கே?" என்றார். மாடு அதற்கு முந்தின புதன்கிழமையே சந்தைக்குப் போய்விட்டது. யார் வாங்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா அஞ்சலையிடம் கேட்டார். "யார் போட்ட ஊசி?"

"ஞாபகம் இல்ல டாக்டரம்மா."

பொய். அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே பத்தியில் ஏழுமலையைப் பற்றி எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. ஆனால் மொபெட், தோல்பை, சனிக்கிழமை மலைப்பயணம் எல்லாம் போட்டால் இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? 'படித்த டாக்டர்கள் ஏறாத மலைக்கு இந்தப் படிக்காத மனிதர் ஏறுகிறார். அவருடைய சுத்தத்தைப் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொள்ளட்டும்.' இந்த அழகில் முடித்திருந்தேன். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவராக இருக்காது என்று நிரூபிக்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். நிஜமாகவே அதற்குத்தான் போனேன்.

முன்னறைதான் கிளினிக். பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். வெட்டிய நகம், வெள்ளைச் சட்டை. "வாங்கம்மா, பேப்பர்ல எழுதுற அம்மா வந்திருக்காங்க பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். என்னை உட்காரவைத்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் காட்டினார். புது ஊசிகள் உள்ள பெட்டி. உபயோகித்த ஊசிகளைப் போட்டு மூடும் டப்பா. குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மேஜை நடுவில் ஒரு கண்ணாடி டப்பா. மஞ்சள் நிறத் தண்ணீர், அதில் ஊறும் பஞ்சு. மாட்டுக் காம்பில் மருந்து ஏற்றும் குழாயும் அதில்தான் கிடந்தது.

"இது என்னண்ணா?"

"மருந்துத் தண்ணிம்மா. கிருமிய கொல்றது. இதுல தொடைக்காம ஒரு ஊசி போட்டதில்ல நானு. நீங்களே எழுதுனீங்களே."

"எத்தனை நாளுக்கு ஒருதரம் கொட்டிட்டு மாத்துவீங்க?"

"கொட்றதா?" நான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதைப் போல் பார்த்தார். "கொட்டவே கூடாதும்மா! கம்மியாச்சின்னா டேங்க் தண்ணி புட்ச்சி ஊத்தி, மேல கொஞ்சம் மருந்து வுடுவேன். அடியில பழசு இருந்தாத்தான் வீரியம் நிக்கும். தயிருக்கு ஒற வுடுறோம் இல்ல, அந்த மாதிரி."

"எவ்வளவு வருஷமா இப்படி?"

"இந்த டப்பா வாங்குன நாள்லேருந்து."

நான் நாற்காலியை அந்த டப்பாவிடமிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

வீட்டுக்கு நாலு மாடு கறக்கிற ஊரில் பிறந்தவர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விட்டே வளர்ந்தவர். பழசைக் கொட்டினால் சத்து போய்விடும் என்பது அவருக்குப் பாடமே இல்லை, பழக்கம். டாக்டரம்மா பிறகு எனக்கு விளக்கினார். இந்தக் கிருமிக்கு மெழுகு பூசினதுபோல ஒரு மேல்தோல் உண்டாம். நீர்த்துப்போன மருந்து மற்ற கிருமிகளை எல்லாம் கொன்றுவிடும், இதை ஒன்றும் செய்யாது. போட்டிக்கு யாரும் இல்லாத வீட்டில் இது மட்டும் வசதியாக வாழும். டேங்க் தண்ணீர் ஊற்ற ஊற்றப் புது ஆள் வேறு வந்து சேரும். அதாவது ஏழுமலை வருஷக்கணக்காக உறைவிட்டுப் பாதுகாத்தது மருந்தின் வீரியத்தை இல்லை. அந்தக் கிருமியைத்தான். அழுக்கான ஆள் என்றால் எப்போதாவது டப்பா கவிழ்ந்து எல்லாம் கொட்டிப்போயிருக்கும். இவர் சுத்தக்காரர். ஒரு சொட்டு சிந்தவிடவில்லை.

நான் அஞ்சலையின் கட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"கையி எத்தினி தபா கழுவுறேன் தெரியுமா? எங்கிட்ட போட்டுக்கினதுல வந்திருக்காதும்மா. கரும்புத் தோக குத்தியிருக்கும்."

அந்த நேரத்தில் அவர் மனைவி டீ கொண்டுவந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். டம்ளரை வைக்கக் குனிந்தபோது "ஸ்ஸ்..." என்றார்.

"கால்ல என்னம்மா?"

"தொடையில கட்டிங்க. சத்து ஊசி போட்ட எடத்துல. மூணு மாசமா ஆற மாட்டேங்குது."

"அவளுக்கு சக்கர ஜாஸ்தி. அதான் ஆறல" என்றார் ஏழுமலை. சொல்லி முடித்தபிறகு மனைவியைப் பார்த்தார். அப்புறம் மேஜையைப் பார்த்தார். நான் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் பெயரைச் சொன்னது நான்தான்.

சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலும் அதே கிருமி வளர்ந்தது. முன்னறைக்கு சீல் வைத்தார்கள். படிக்காமல் வைத்தியம் பார்த்ததற்கு வழக்கு. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது ஏழுமலை வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தாராம்.

விசாரித்ததில் அந்த ஊரில் மட்டும் அஞ்சலையைத் தவிர எட்டுப் பேருக்குக் கட்டி இருப்பது தெரிந்தது. எல்லோரும் 'சூட்டுக் கொப்புளம்' என்று விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அவர் ஏறிய மலையில் எத்தனை பேரோ? இதை எழுதும்வரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அஞ்சலையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, புண்ணை ஆழமாகச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று வாரம் படுக்கையில் இருந்தாள். சரியான மருந்து ஆரம்பித்தது. பல மாதத்துக்கு மாத்திரை. அதோடு, இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது, தினமும் ஒரு ஊசி. இன்னும் பல வாரத்துக்கு. ஊசியால் வந்த நோய்க்கு ஊசிதான் மருந்து! நடுவில் நாள் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் கொடுக்க வேறு மருந்து அதிகம் இல்லை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்குப் போன மறுநாள்தான் போன திங்கட்கிழமை. நோட்டுத் தாளோடு என் கடையில் வந்து நின்றாள்.

"ஏம்மா அஞ்சலை, உனக்குப் பைத்தியமா? அவர் போட்ட ஊசியாலதானே உனக்கு இந்தக் கதி?" என்றேன். கொஞ்சம் கத்தியே விட்டேன். மனு எழுத வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"தெனத்துக்கும் ஊசின்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க. எங்கூருக்கு பஸ்ஸு காலையில ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு. ஊசிக்கின்னு வந்தா பொழுதே பூடும். வேலைக்கி எப்ப போறது? புள்ளைக்கி சோறு யாரு ஆக்குறது? ஊசி போடத் தெரிஞ்சவரு எங்கூர்ல அவரு ஒருத்தருதான். அந்த டப்பாவத்தான் எடுத்துக்கினு பூட்டாங்களே. இப்ப போட்டா இன்னா?"

அவள் கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். பஸ் நேரம் சரி. தூரம் சரி. ஊரில் வேறு ஆள் இல்லை என்பதும் சரி.

இனியும் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது. "அஞ்சலை, அவர் பேரை ஆஸ்பத்திரியில் சொன்னது நான்தான்" என்றேன்.

பெஞ்சிலிருந்து கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை.

"அன்னிக்கி அவரு நல்லவருன்னு பேப்பர்ல போட்டதும் நீங்கதான். இன்னிக்கி புட்ச்சிக் குடுத்ததும் நீங்கதான். நடுவுல ஊசி போட்டுக்கினது மட்டும் நானாக்கா?"

ஐந்து வருஷமாக எனக்கு வந்த பாராட்டுக் கடிதங்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, இந்த ஒரு வாக்கியத்தை இன்னொரு தட்டில் வைத்துப் பார்க்கிறேன். பிறர் உடம்பு சம்பந்தப்பட்ட ஒன்றை, அழகாக இருக்கிறது என்பதற்காக எழுதிவிட்டேன். சுத்தமான கை என்று எழுதினேனே, அந்த டப்பாவை எத்தனை நாளைக்கு ஒருதரம் கொட்டுகிறார் என்று அன்றைக்கே ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் பத்தி கெட்டுப்போயிருக்கும்... அதனால்தான். வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

மனு எழுதினேன். அவள் கேட்ட மனுவை இல்லை. ஊர் துணை சுகாதார நிலையத்திலேயே நர்ஸ் தினமும் ஊசி போடவேண்டும், கட்டி உள்ள மற்றவர்களுக்கும் மலை ஊர்களுக்கும் பரிசோதனை முகாம் வேண்டும் என்று எழுதி, படித்துக் காட்டினேன்.

"டாக்டர் பேரு?"

"எழுதலை. எழுதமாட்டேன்."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, விந்தி விந்திப் போய் வரிசையில் நின்றாள். உட்கார இடம் கொடுத்தார்கள். அவளால்தான் உட்கார முடியவில்லை.

அதிசயம், மூன்றாம் நாளே பதில் வந்தது! துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா ஊசி போடுகிறார். முகாம் பரிசீலனையில் இருக்கிறதாம். சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ஏழுமலை ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை அஞ்சலை போன் செய்தாள்.

"க்கா, ஞாயித்துக்கெழம நர்ஸம்மா லீவாம்."

இதை யாருமே யோசிக்கவில்லை. நான்தான் மனுவில் 'தினமும்' என்று அடித்தேன். அரசாங்கத்துக்கு வாரம் என்றால் ஆறு நாள்.

"டாக்டரு வூட்டு வாசல்ல காலையிலேருந்து ஆளுங்க குந்திக்கினு இருக்குதுங்க. அவரு போட மாட்டேன்னு கையெடுத்துக் கும்புடுறாரு. இவங்க வுட மாட்டேங்கறாங்க. எம்மாமியாளும் போய்க் கேட்டுட்டு வந்துட்டா. ஒரு நாளுதானேங்கறா. நான் இன்னாக்கா பண்ணட்டும்?"

"போகாதே. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ரெடியா இரு. பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில போட்டுடலாம். நான் வர்றேன்" என்றேன்.

"வாராவாரமா?"

"வாராவாரம்."

நம்பினாளோ என்னவோ, போனை வைத்துவிட்டாள்.

இந்தப் பத்தி உங்கள் கைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் காபியோடு இதைப் படிக்கிற நேரத்தில், நானும் அஞ்சலையும் கச்சிராயபாளையம் ரோட்டில் கள்ளக்குறிச்சியைப் பார்த்து வந்துகொண்டிருப்போம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கட்டியோடு, நாளைக்கு இதே ஊசி தேவைப்படப்போகிறவர்கள் அந்த ஊரில் இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள். என் ஸ்கூட்டரில் பின்னால் ஒருவர்தான் உட்கார முடியும்.